டேங்க் மூடிக்கு ஒரு பூட்டு

சாவியைக் கையில் பிடித்தபடி அப்பா தெருவில் நின்றிருந்தார். அவருக்கு எதிரே, சாவி இல்லாத எங்கள் கார் ஓடிக்கொண்டிருந்தது. சக்கரங்கள் நகரவில்லை. நின்ற இடத்திலேயே அதன் இன்ஜின் மட்டும் கணத்துக்குக் கணம் வேகம் கூடி அலறியது. புகைபோக்கியிலிருந்து நீலம் கலந்த வெண்புகை பொங்கி, காரைக்கால் தருமபுரத்தில் எங்கள் வீடு இருந்த தெருவை முழுவதுமாக மறைத்துவிட்டது. நான் பின்னிருக்கையில் மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு உறைந்துபோயிருந்தேன். நிறுத்திய பிறகும் ஒரு பொருள் நிற்க மறுக்கலாம் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. இன்றும், எங்கேனும் ஓர் இன்ஜின் அணையச் சற்றே தாமதித்தால் என் கை தானாகக் கதவின் கைப்பிடியைத் தேடுகிறது.

அது வெள்ளை நிற டீசல் அம்பாசிடர். எங்களிடம் வந்து சேரும்போதே வயதானது. பழைய கார்களுக்குரிய எல்லாக் குறைகளும் அதற்கு இருந்தன. முக்கியமாக, அது ஆயில் குடித்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா பானட்டைத் திறந்து, ஆயில் அளக்கும் கம்பியை உருவி, பழைய பனியன் துணியால் துடைத்து, மறுபடியும் செருகி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அளவு எப்போதும் குறைந்தே இருக்கும். அவர் பெருமூச்சுடன் டப்பாவிலிருந்து கொஞ்சம் ஊற்றுவார். அலுவலக நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஆயிலில் கலக்கும் மருந்து ஒன்றை வாங்கி ஊற்றியதும் அப்படி ஒரு ஞாயிறன்றுதான்.

அதற்குப் பிறகு அதிசயம் நிகழ்ந்தது. ஆயில் குறையவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் அது கூடவும் செய்தது. கம்பியின் மேல்கோட்டையும் தாண்டி ஆயில் பளபளத்தது.

"பாத்தியா, வண்டிக்கு ஒடம்பு தேறிட்டு," என்று அப்பா என்னிடம் கம்பியைக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துக் காட்டினார். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அந்த மருந்த எனக்கும் ஒண்ணு வாங்கியாங்க சார், மூட்டு வலிக்கு ஊத்திப் பாக்குறேன்," என்றார். அப்பாவும் சிரித்தார். அந்த வாரம் காருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டப்பட்டது.

ஆயில் கூடிய அதே வாரங்களில் டீசல் குறையத் தொடங்கியது. ஓடிய தூரத்துக்கு உரியதைவிட மிகுதியாகக் குறைந்தது. டீசல் அளவைக் காட்டும் முள் வழக்கமாக ஞாயிறு மாலையில் எங்கே நிற்குமோ, அந்த இடத்தில், கண்ணாடியின் மேல் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டும்படி அப்பா என்னிடம் சொன்னார். முக்கியமான பொறுப்பு கிடைத்த பெருமிதத்துடன் நான் ஒட்டினேன். அடுத்த ஞாயிறு மாலை முள் பொட்டுக்குக் கீழே கிடந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் மாமா வருவார். அம்மாவின் அண்ணன். எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டுப் பக்கம் அவருக்கு வயல் இருந்தது. நீர் இறைக்க டீசல் இன்ஜின் வைத்திருந்தார். காரைக்காலில் டீசல் விலை குறைவு என்பதால் மொபெட்டில் ஒரு வெள்ளைக் கேனைக் கட்டிக்கொண்டு வந்து, பங்க்கில் நிரப்பிக்கொண்டு, எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். வீட்டுக்குள் டீசல் நாற்றம் கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தக் கேன் கார் ஷெட்டில், காரின் பின்பக்கத்தில், டேங்க் மூடிக்குச் சற்றுக் கீழே இருக்கும். அவர் வரும்போதே அது நிறைந்திருக்கும் என்பதை அம்மா அறிவாள். அப்பா, அவர் போகும்போது மட்டுமே அதைப் பார்த்திருந்தார்.

எங்கள் வீட்டில் குரல் உயர்த்திச் சண்டை நடந்ததில்லை. அப்பா எதையும் கேட்கவில்லை. ஒரு ஞாயிறன்று, மாமா இலையின் முன் உட்கார்ந்திருந்த வேளையில், ஷெட்டிலிருந்து சுத்தியல் தட்டும் ஓசை கேட்டது. பிறகு அப்பா உள்ளே வந்து, புதிய சிறிய சாவி ஒன்றைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்னா மாப்ள, வேலையா?" என்றார் மாமா.

"டேங்க் மூடிக்கு ஒரு பூட்டுப் போட்டேன் மச்சான். டீசல் நிக்க மாட்டேங்குது."

அம்மா மாமாவின் இலையில் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது. மாமா குனிந்து சோற்றைப் பிசைந்தார். நெடுநேரம் பிசைந்துகொண்டே இருந்தார். மோருக்குக் காத்திராமல் இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவினார்.

"அண்ணே, மோர் ஊத்தலியே," என்றாள் அம்மா.

"வயிறு சரியில்லம்மா. வரேன்." என் தலையில் ஒருமுறை கைவைத்துவிட்டு மொபெட்டைக் கிளப்பினார். கேனை எடுத்துக்கொள்ளவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து நான் தெருமுனைவரை ஓடினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கேனிலிருந்த டீசலை என்ன செய்வது என்று எவருக்கும் தெரியவில்லை. அம்மா அதைப் பக்கத்து வீட்டுக்காரரின் ஜெனரேட்டருக்குக் கொடுத்துவிட்டு, காலிக் கேனை ஷெட்டின் மூலையில் கவிழ்த்து வைத்தாள். அன்று முதல் அப்பாவிடம் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை. கூடப்பிறந்தவரைத் திருடன் என்று சொல்லாமல் சொன்ன வீட்டில் அவள் சமைத்தாள், பரிமாறினாள், துணி மடித்தாள், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு மாமா வரவில்லை. பூட்டு பத்திரமாக இருந்தது. மாலையில் வழக்கம்போல் முன்னிருக்கையில் ஏறிப் பார்த்த நான், "அப்பா, முள்ளு பொட்டுக்குக் கீழ வந்துட்டு!" என்று கத்தினேன்.

அப்பா வந்து குனிந்து பார்த்தார். சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பினார். "வண்டி சரிவுல நிக்குதுல்ல, அதான்," என்றார் தாழ்ந்த குரலில். பிறகு நகத்தால் அந்தப் பொட்டைப் பெயர்த்து, முள் நின்ற இடத்தில் ஒட்டினார். இப்போது இரண்டும் சரியாக இருந்தன. எங்கள் ஷெட்டின் தரை சரிவானது என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

அதற்குச் சில நாட்கள் கழித்து, ஒரு விடுமுறைக் காலையில் அப்பாவும் நானும் மீன் வாங்கக் கருக்களாச்சேரிக்குப் போனோம். திரும்பும்போதே கார் ஒரு தினுசாக இருந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து அப்பா காலை எடுத்த பிறகும் அது முன்னே இழுத்தது. "இன்னிக்கு என்னா இவ்வளவு குஷியா ஓடுது," என்றார் அவர். வாசலில் நிறுத்தி, சாவியைத் திருப்பி, இன்ஜினை அணைக்கும் குமிழை இழுத்தார். இன்ஜின் அணையவில்லை. மறுபடியும் இழுத்தார். சாவியை முழுவதுமாக உருவிக்கொண்டு இறங்கினார். அப்போதுதான் அது அலறத் தொடங்கியது.

அந்த ஓசையை விவரிக்க எனக்குச் சொல் வாய்க்கவில்லை. எங்கள் காரின் குரலை நான் அறிவேன். அது அந்தக் குரல் அன்று. இருக்கை நடுங்கியது, கண்ணாடிகள் நடுங்கின, என் பற்கள் ஒன்றோடொன்று மோதின. புகைக்குள் அப்பாவின் உருவம் பானட்டைத் திறப்பது தெரிந்தது. அவர் ஸ்பானரைக் கொண்டு டீசல் வரும் குழாயையே கழற்றிவிட்டார். டீசல் தரையில் கொட்டியது. இனி நின்றாக வேண்டும். நிற்கவில்லை, இன்னும் வேகம் எடுத்தது.

"டீசலையே நிறுத்திட்டேன்!" என்று அப்பா கத்தினார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "எதக் குடிச்சுட்டு ஓடுது இது?"

பக்கத்து வீட்டுக்காரர் பதறியபடி, "வெடிக்கப்போவுது சார், வந்துடுங்க! தள்ளி வந்துடுங்க!" என்று தன் கதவுக்குப் பின்னாலிருந்து கூவினார். வெடிக்கும் என்ற சொல் எனக்கு விளங்கியது. ஆனால் நான் மீன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தேன்.

கார்க் கதவு திறந்தது. அம்மா என் கையைப் பற்றி, மீன் பையோடு சேர்த்து வெளியே இழுத்தாள். வாசற்படியில் என்னை ஏறக்குறைய எறிந்தாள். பிறகு கால்மிதியாகக் கிடந்த கோணிச் சாக்கை எடுத்துக் குழாயடித் தொட்டியில் முக்கினாள். நீர் சொட்டச் சொட்ட அதைச் சுமந்துகொண்டு புகைக்குள் போனாள்.

"ஏய், கிட்டப் போவாத!" என்றார் அப்பா.

"காத்து இழுக்குற வாய் எது? காட்டுங்க!"

அப்பா காட்டினார். அதன் மேல் இருந்த மூடியை இருவருமாகப் பிடுங்கினார்கள். அம்மா ஈரச் சாக்கைச் சுருட்டி அந்த வாயில் வைத்து இரு கைகளாலும் உடல் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினாள். இன்ஜின் சாக்கை உள்ளே இழுத்தது. அவள் விடவில்லை. கார் முழுவதும் ஒருமுறை துள்ளியது, திணறியது, ஏதோ முறியும் ஓசை கேட்டது, பிறகு நின்றது.

அலறலைவிட அந்த அமைதி எனக்கு அச்சமூட்டியது. அப்பா ஒரு கையில் ஸ்பானரும் மறு கையில் சாவியுமாக நின்றார். அம்மா சாக்கிலிருந்து கையை எடுக்காமலே, மூச்சு வாங்கியபடி, பல நாட்களுக்குப் பிறகு அவரிடம் தானாகப் பேசினாள்.

"வயக்காட்டு இன்ஜினு இப்புடி எகிறுனா, அண்ணன் இப்புடித்தான் அடைப்பாரு."

பிற்பகலில் மெக்கானிக் வந்தார். காரின் அடியில் ஒரு தகர டின்னை வைத்துவிட்டு ஆயில் திறக்கும் நட்டைக் கழற்றினார். ஆயில் தேன் போல இறங்க வேண்டும். அன்று அது தண்ணீராகக் கொட்டியது. ஆயில் நாற்றமும் இல்லை. தெருவெங்கும் டீசல் நாற்றம். டின் நிறைந்தது. கொட்டுவது நிற்கவில்லை.

"வேற ஏதாவது இருந்தாக் குடுங்க சார், வழியுது பாருங்க!"

உதவ வேண்டும் என்ற அவசரத்தில் நான் ஷெட்டுக்குள் ஓடி, மூலையில் கவிழ்ந்திருந்த வெள்ளைக் கேனைத் தூக்கி வந்தேன்.

"அது வேணாம்," என்றார் அப்பா. "வேற எடுத்தா."

"இருக்கட்டும்," என்றாள் அம்மா வாசலிலிருந்து. "அதுலயே புடிங்க."

மெக்கானிக் கேனை வாங்கி அடியில் தள்ளினார். மல்லாந்து படுத்தவாறே அவர் பேசிக்கொண்டுபோனார். "டீசல் தள்ளுற பம்புக்குள்ள ரப்பர் கிழிஞ்சிருக்கும் சார். டேங்க்லேந்து வர்ற டீசல் நேரா ஆயில்ல எறங்கிட்டு இருந்துருக்கு. ஆயில் மட்டம் ஏறுனதும் அதையே குடிச்சுட்டு ஓட ஆரமிச்சுட்டு. கூடிக்கிட்டே வந்துருக்குமே, நீங்க பாக்கலியா?"

ஞாயிறு தோறும் கம்பியை உருவிப் பார்த்தவர் அப்பா. குறைந்த டீசலுக்கு ஒரு மனிதரையும், கூடிய ஆயிலுக்கு ஒரு மருந்தையும் காரணமாக்கி, நாங்கள் ஒன்றுக்குப் பூட்டுப் போட்டோம். மற்றொன்றுக்குக் கற்பூரம் காட்டினோம். காணாமற்போன டீசல், கறுத்து நாறியபடி, மாமாவின் கேனுக்குள் விழுந்துகொண்டிருந்தது. அப்பாவின் கை சட்டைப்பையைத் தொட்டது. அந்தச் சிறிய சாவி அங்கேதான் இருந்தது. அம்மா அதையும் பார்த்தாள். கேன் நிறைவதையும் இறுதிவரை நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய் மீனை ஆயத் தொடங்கினாள்.

பொங்கலுக்கு முந்திய நாள் மாமா சீர் கொண்டுவந்தார். சகோதரன் கொண்டுவந்தாக வேண்டிய சீர் அது. மனம் எப்படியிருந்தாலும் அதைத் தவிர்க்க முடியாது. கரும்பு, மஞ்சள்கொத்து, புதுப்பானை, அரிசி எல்லாவற்றையும் கூடத்தில் இறக்கினார். ஷெட்டில் ஓடாத கார் நின்றது. டேங்க் மூடியில் பூட்டு இல்லை. அப்பா அவரைக் கைபிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு பின்கட்டுக்குப் போய், அந்த வெள்ளைக் கேனைத் தூக்கி வந்து அவர் காலருகில் வைத்தார். சீயக்காய் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, பங்க்குக்குத் தாமே கொண்டுபோய் நிரப்பியிருந்தார்.

"மச்சான்," என்றார். கேனை இன்னும் சற்று அவர் பக்கம் நகர்த்தினார். "எடுத்துட்டுப் போங்க. இனிமே வாராவாரம் நானே நெரப்பி வைக்கிறேன்."

மாமா கேனைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மிகவும் மென்மையாகச் சிரித்தார்.

"இனிமே எதுக்கு மாப்ள? வயலுக்குக் கரண்டு வந்துட்டு. இன்ஜினயே கழட்டி ஓரங்கட்டியாச்சு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா கையிலிருந்த மஞ்சள்கொத்தைப் பிரித்துப் பிரித்து அடுக்கினாள். அவர்களுக்கு இந்த நல்ல செய்தி ஏன் பிடிக்கவில்லை என்று நான் வியந்தேன்.

சென்ற ஆண்டு, கல்லூரி விடுமுறையில், மாமாவின் வயலுக்கு முதன்முறையாகப் போனேன். வரப்பில் கால்வைத்ததுமே அந்த ஓசையைக் கேட்டேன். என் கை, இல்லாத கதவுக் கைப்பிடியைத் தேடியது. நாவல் மரத்தடியில் டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தலைமேல், எப்போதும் தயாராக, ஈரச் சாக்கு ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. மாமா என்னைக் கண்டதும் துண்டால் கையைத் துடைத்தபடி விரைந்து வந்தார்.

"இன்னிக்குக் கரண்டு இல்லம்மா," என்றார். "அதான் இத ஓட்டுறேன்."

நான் தலையசைத்தேன். கண்ணுக்கெட்டிய தூரம்வரை பச்சை வயல். அதில் ஒரு மின்கம்பம்கூட இல்லை.

அன்று எங்கள் கூடத்தில், வயலுக்குக் கரண்டு வந்துவிட்டதாக அவர் சொன்னபோது, மகிழ்ந்து கைதட்டியவள் நான் ஒருத்திதான்.