முப்பது சென்ட்டும் அண்ணன் கிணறும்

என் அண்ணன் நல்லவன். ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அதனால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. கெட்டவனாக இருந்திருந்தால் முதல் நாளே உஷாராகியிருப்பேன்.

சாணார்பட்டிப் பக்கம் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் செம்மண் காடும், அதில் ஒரு கிணறும் இருந்தன. அப்பா போன பிறகு நிலத்தைப் பிரிப்பது என்று ஆனது. வாரிசு மூன்று பேர்: அம்மா, அண்ணன், நான். சட்டப்படி எனக்கு என்ன வரும் என்று தெரியாதவள் இல்லை நான். திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் இருபது வருடமாகத் தாள்களோடு மல்லுக்கட்டுகிறவள். ஆனாலும், "வீட்டுக்குக் காய்கறி போட முப்பது சென்ட் குடு, போதும்" என்று நானே வாயைத் திறந்து சொன்னேன். ஊரே மெச்சியது. "பொறந்த வீட்டு மேல எம்புட்டுப் பாசம் பாரு" என்றார்கள். பாசமாவது ஒன்றாவது. மடத்தனம்.

டவுனில் எங்கள் வீட்டைச் சுற்றி ஒரு பிடி மண் கிடையாது. மொட்டை மாடியில் பெயிண்ட் வாளியில் நாலு மிளகாய்ச் செடி வைத்து, அதையும் குரங்குக்குக் கொடுத்தவள் நான். முப்பது சென்ட் கைக்கு வந்ததும் கட்டம் போட்ட தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனி மாதம் முழுக்க அதே வேலை. கத்தரிக்கு நாலு பாத்தி, தக்காளிக்கு நாலு, வெண்டைக்கு இரண்டு. சின்ன வெங்காயம் அறுத்த இடத்தில் கொத்தவரை. புடலைக்கும் பீர்க்கைக்கும் ஒரே பந்தல், அதன் நிழலில் கீரை. வேலியோரம் இரண்டு முருங்கை. அழித்து அழித்து வரைந்தேன். "கலெக்டர் ஆபீசு கட்டப்போறியா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். செய்யட்டும். என் பெயரில் இருந்த முதல் மண் அது.

பிளானை அண்ணனிடம் காட்டினேன். பிறந்ததிலிருந்து அந்தக் காட்டில் கிடப்பவன், அவனுக்குத் தெரியாததா? தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கத்திரி வேணாம் தாயி, புழு அப்பிக்கிரும். தக்காளிக்கு நெதம் ஆளு நிக்கணும், உன்னால ஏலாது. மொச்சை போடு, தொவரை போடு, தட்டாம்பயறு போடு. மழைக்கு அது பாட்டுக்கு வந்துரும்."

"வீட்டுக்கு வெஞ்சனம் வைக்கக் காய்தாண்ணே கேக்குறேன்."

"சரி, போடணும்னா மேக்க கடைசில இருந்து ஆரம்பி. அங்கதான் மண்ணு நல்ல மண்ணு. கெழக்க சும்மா கெடக்கட்டும்."

என் நிலத்தை ஒட்டிக் கிழக்கே இருந்தது அவனுடைய பங்கு. கிணறும் அதில்தான். எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை. பிளானை மாற்றி வரைந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய், மேற்குக் கோடியில் ஆள் வைத்துக் கொத்தினேன். குப்பை உரத்தைக் கூடை கூடையாக நானே சுமந்து கொண்டுபோய்க் கொட்டினேன். கழுத்து வலிக்கு வாங்கிய தைலம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

ஆடி பிறந்ததும் கத்தரி நாற்றங்கால் போட்டேன். பிறகு கயிறு பிடித்து, தலை வாய்க்காலுக்குச் சுண்ணாம்புக் கோடு போட ஆரம்பித்தேன். மேற்கேயிருந்து இழுத்துக்கொண்டு வந்து அண்ணன் வரப்பைத் தொட்டபோது அவன் எதிரே வந்து நின்றான்.

"இது என்னத்துக்கு?"

"வாய்க்கா. தண்ணி வர."

"எந்தத் தண்ணி?"

விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"கெணத்துல உனக்குப் பாத்தியம் எழுதலையே தாயி."

வீட்டுக்கு வந்ததும் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். நான்கு எல்லையும் இருந்தது. வண்டிப்பாதையில் போக வர எனக்கு உரிமை உண்டு என்று இருந்தது. கிணறு, மோட்டார், வாய்க்கால் எதுவும் இல்லை. நடந்து போகலாம், கை கழுவ ஒரு குவளைத் தண்ணீர் எடுக்கப் பாத்தியம் இல்லை. இதைக் கையெழுத்துக்கு முன்னால் ஒரு வரி விடாமல் படித்தவள் நானேதான். அப்பா பெயரின் இனிஷியல் தப்பாக இருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னேன். பத்திரம் எழுதுபவர்கூட "மேடம் வெவரம்" என்றார். இருந்த எழுத்தில் தப்பைத் தேடிய வெவரம், இல்லாத வரியைத் தேடவில்லை. எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இங்கே படித்தவள் தன் பாட்டையே கெடுத்துக்கொண்டாள்.

போனில் அண்ணனைப் பிடித்துக் கேட்டேன். "எழுதுறவரு விட்டுட்டாரு போல தாயி, நானும் கவனிக்கல. அதுக்கென்ன? கேட்டா விடமாட்டேனா? உனக்கு இல்லாத தண்ணியா?" என்றான்.

அந்த வார்த்தைதான் என்னைக் கொளுத்தியது. கேட்டால். பத்தாவதுக்கு மேல் படிக்கக் கேட்டேன், காலேஜுக்கு பஸ் பாஸ் எடுக்கக் கேட்டேன், வேலைக்குப் போகக் கேட்டேன். ஐம்பது வயதில் என் கத்தரிக்காய்க்கு அண்ணனிடம் கேட்க வேண்டுமா?

சரி, அதையும்தான் செய்து பார்ப்போம் என்று கேட்டேன். முதல் ஞாயிறு அரை மணி நேரம் விட்டான். அடுத்த ஞாயிறு, "கரண்டு முறை மாறிப்போச்சு" என்றான். அதற்கு அடுத்த ஞாயிறு அவன் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டியிருந்தது. மறுப்பு என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கை அது. நாற்றங்கால் மூன்றாவது வாரம் கருகியது. இரண்டு விரல் உயரம் வந்த நாற்று. உட்கார்ந்து அழுதேன், அழுததற்காக என் மேலேயே கோபப்பட்டேன்.

ஆவணியில் அண்ணன் டவுனுக்கு வந்தான், கையில் ஒரு பை தேங்காயோடு. கிணற்று மோட்டாரின் கரண்டு இணைப்பு இன்னும் அப்பா பெயரில் இருந்தது. அதை அவன் பெயருக்கு மாற்ற எல்லா வாரிசும் சம்மதம் எழுதித் தர வேண்டுமாம். அம்மா கையெழுத்துப் போட்டாயிற்று. பேனாவையும் அவனே எடுத்து நீட்டினான்.

"கெணத்துல எனக்குப் பாத்தியம்னு எழுதிக் குடு, போடுறேன்" என்றேன்.

"கூடப் பொறந்தவன் கிட்டயா பத்திரம் பேசுவாக?"

"நீதான முதல்ல பேசுன."

தேங்காய்ப் பையை வைத்துவிட்டுப் போய்விட்டான். சாயங்காலமே அம்மாவிடமிருந்து போன். அண்ணனோடு இருப்பவள், அவன் பக்கம்தான் பேசுவாள் என்று தெரியும். ஆனாலும், "போட்டுக் குடுத்துரு தாயி. நான் எங்கண்ணன்கிட்ட எதையாச்சும் எழுதி வாங்குனேனா?" என்று அவள் பெருமையாகக் கேட்டபோது எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. "வாங்கல. அதான் உங்கிட்ட ஒண்ணுமே இல்ல" என்றேன். அம்மா போனை வைத்துவிட்டாள். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் பொய் இல்லை.

மூன்று மாதம் யாரும் யாரோடும் பேசவில்லை. மழைக்காலம் வந்து போனது. மேற்கே நான் சுமந்து கொட்டிய உரத்தில் கோரை முளைத்து இடுப்பு உயரம் நின்றது. கார்த்திகைக் கடைசியில் அண்ணன் இறங்கி வந்தான். பிழைதிருத்தல் பத்திரம் போட்டோம். ஞாயிறுதோறும் காலை இரண்டு மணி நேரம் கிணற்றுத் தண்ணீர் எனக்கு, அவன் நிலத்து வழியாக வாய்க்காலும் உண்டு. இந்த முறை எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். "எழுதுறவரு விட்டுட்டாரு, நான் என்ன செய்ய? சத்தியமா எனக்குத் தெரியாது தாயி" என்று அண்ணன் பத்திர ஆபீஸ் வாசலில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். நான் நம்பினேன். நம்பத்தான் எனக்கும் ஆசை. கரண்டுத் தாளில் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

தை மாதம் முதல் ஞாயிறு. மோட்டார் ஓடியது. என் முறைத் தண்ணீர் வாய்க்காலில் வந்துகொண்டிருந்தது. மேற்குக் கோடியில் கோரையை வெட்டிக்கொண்டு நின்ற என்னிடம் அண்ணன் மண்வெட்டியோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அங்க என்ன செய்யிற? மேக்க மேடுல்ல, அம்புட்டுத் தூரம் தண்ணி ஏறவே ஏறாது. இங்கிட்டு வா. கெழக்க இருந்து ஆரம்பி. வடக்கு வரப்போரமா வாய்க்காவக் கொண்டுபோ. தக்காளிய இங்கன போடு, கீரைய மடைக்குப் பக்கத்துல போடு. கத்திரிக்கு இந்த மண்ணு மாதிரி வராது."

சொல்லச் சொல்ல மண்வெட்டியால் கோடு இழுத்துக் காட்டினான். நான் முதலில் வரைந்த பிளானை விட நல்ல பிளான் அது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை அவனுக்கு.

"மேக்க இருந்து ஆரம்பின்னு நீதானண்ணே சொன்ன? அங்கதான் நல்ல மண்ணுன்ன."

"அது அப்ப" என்றான், குனிந்து மடையை வெட்டியபடியே. "அப்பத்தான் உனக்குத் தண்ணி கெடையாதே."

சொன்னது என்ன என்று அவனுக்கே உறைக்கவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். அப்போதும் உறைக்கவில்லை. தண்ணீர் மடை தாண்டி என் நிலத்துக்குள் இறங்கியது.

"வரப்புக்கு அந்தப் பக்கம் போயி நில்லுண்ணே" என்றேன்.