செவ்வாய்க்கிழமைக்காக நின்ற ஆட்டோ

எங்கள் பெரியாஸ்பத்திரியில் ஒவ்வொரு நாளும் ஒரு யூனிட்டின் முறை. காலை எட்டிலிருந்து மறுநாள் காலை எட்டு வரை வந்து சேருகிறவர்கள் எல்லாரும் அந்த யூனிட்டுக்கு. உங்களுக்கு எந்த டாக்டர் என்பதைக் கிழமைதான் முடிவு செய்யும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன். அதுவும் பாதிதான்.

என் கணவருக்கு இதயம் பலவீனம். முதல் தடவை காலெல்லாம் வீங்கி மூச்சு வாங்கியபோது ஒரு செவ்வாய்க்கிழமை சேர்த்தோம். அந்த யூனிட்டில் ஒரு டாக்டரம்மா. ஒரு பிரஷர் மாத்திரை இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்தினார். ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த மாதமே மறுபடி மூச்சுத் திணறல். அன்று வெள்ளிக்கிழமை. வேறு யூனிட், வேறு முகங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டை நீட்டினேன். சின்ன டாக்டர் வாங்கி, பிரிக்காமல் தலையணைக்கு அடியில் வைத்தார்.

"பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவாரு, அப்ப காட்டுங்கம்மா."

பெரிய டாக்டர் வந்தார். பின்னால் பத்துப் பேர். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். நிறுத்திய மாத்திரையை மறுபடி எழுதிவிட்டார்கள். அட்டையின் நிறம் வேறு, எனக்கு அடையாளம் தெரியவில்லை. என் கையாலேயே கொடுத்தேன். நாலாம் நாள் கை தூக்க முடியாமல் கிடந்தார். அதற்குப் பிறகுதான் யாரோ அந்தச் சீட்டைப் பிரித்துப் படித்தார்கள்.

அன்றிலிருந்து செவ்வாயைத் தவிர மற்ற ஆறு கிழமையும் எனக்குப் பயம். காலண்டரைப் பார்த்துக்கொண்டே அவர் கால் வீக்கத்தை அழுத்திப் பார்ப்பேன்.

மூன்றாம் தடவை, செவ்வாய் விடிகிற நேரம். அவரால் படுக்க முடியவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஆட்டோ பிடித்தேன். முந்தின நாள் பௌர்ணமி. டவுனுக்குள் ஊர் திரும்புகிற கூட்டம் இன்னும் கலையவில்லை. அதையும் தாண்டி ஆஸ்பத்திரி கேட் தெரியும்போது மணி ஏழடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. உள்ளே போனால் திங்கட்கிழமை யூனிட். ஒரு மணி நேரம் தள்ளினால் டாக்டரம்மா.

டீக்கடை ஓரம் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். ஆட்டோக்காரரைத் தள்ளிக் கூப்பிட்டு, "எட்டு மணி ஆவட்டும்ண்ணா" என்றேன்.

"இது இன்னா ரேஷன் கடையாம்மா, தொறக்கட்டும்னு நிக்கறதுக்கு? உள்ள ஆளு மூச்சு வுட முடியாம கெடக்கறாரு."

"எனக்குத் தெரியும். நில்லுங்க."

திரும்பி ஏறி என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடி, முன் கம்பியைப் பிடித்துக் குனிந்திருந்தார். "இன்னாத்துக்குடி நிக்குது?"

"கிரிவலக் கூட்டங்க. ரோடு அடைச்சிக்கினு இருக்கு."

ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டார். அதையே சொன்னேன். நகம் நீலம் பாய்வதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஏழரைக்கு மேல் கேட்பதை நிறுத்திவிட்டார். பத்து நிமிஷம் போயிருக்கும், தலை என் தோளில் சரிந்தது. அந்தக் கனம் எனக்குப் புதிது.

"போங்கண்ணா, போங்க."

எட்டு ஆகவில்லை. திங்கட்கிழமை டாக்டர்தான் இருந்தார். சின்ன வயசு. தொண்டையில் குழாய் போட்டு மிஷின் வைத்தபிறகு என்னிடம் வந்து சீட்டை வாங்கிப் பிரித்தார். நின்றபடியே கடைசி வரி வரை படித்தார்.

"செவ்வா யூனிட் பழைய கேஸா? அங்கயே மாத்தி வுட்டுடறேன். எந்த நாளு வந்தாலும் கேட்டா மாத்துவாங்கம்மா. நீங்க கேக்கவேயில்லையா?"

கேட்கலாம் என்று எந்தச் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்? வெள்ளிக்கிழமை ஆட்களில் ஒருத்தர் சொல்லியிருக்கலாம். ஒருத்தரும் சொல்லவில்லை. அதற்காக அந்த முக்கால் மணி நேரத்தை அவர்கள் தலையில் கட்ட முடியாது. நிறுத்தச் சொன்னது நான்.

பிழைத்துவிட்டார். இரண்டு நாள் மிஷினில் இருந்தார். பார்க்க வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "பௌர்ணமி கூட்டம் என்னை முடிச்சிருக்கும். ஆஸ்பத்திரி கேட்டு வரிக்கும் வந்து ஆட்டோ நகரல." நான் உள்ளே போய் காபி கலக்குகிறேன்.

கிழமைப் பயம் போய்விட்டது. அந்த ஆட்டோ எங்கள் ஊர் ஆட்டோ. பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறது. என்றைக்காவது அந்த மனுஷன் அவரை நலம் விசாரிக்க வீட்டுக்கு வருவார்.