மாட்டுப் பொங்கலன்று எங்கள் குதிரை

எங்கள் வீட்டில் ஒரு பெண் குதிரை இருக்கிறது. பர்மாவில், யாங்கோன் நகரத்துத் தின்கன்ஜூனில் எங்கள் சந்தில் டாக்சி உண்டு, சைக்கிள் உண்டு, நாய்கள் வேண்டிய மட்டும் உண்டு. குதிரை எங்கள் வீட்டில் மட்டும்தான். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. மகள் ஒரு தமிழ்ப் பெயர் சொல்லுவாள், மகன் ஒரு பர்மியப் பெயர் சொல்லுவான். இரண்டுக்கும் அது திரும்பிப் பார்க்கும். அதனால் சண்டை தீரவில்லை, குதிரை என்றே கூப்பிடுகிறோம்.

அதற்கு ஒரு வேலை உண்டு. பர்மியர் தங்கள் பையன்களைக் கொஞ்ச நாள் புத்த மடத்தில் இருக்க அனுப்பும்போது, இளவரசன் மாதிரி உடுத்தி, தங்க நிறக் குடை பிடித்து, குதிரைமேல் உட்கார வைத்து ஊர்வலம் போவார்கள். ஷின்பியூ என்று அதற்குப் பெயர். எங்கள் குதிரை எவ்வளவு மேளம் அடித்தாலும் மிரளாது. ஆனால் மேலே உட்கார்ந்த பையன் அழுதால் நின்றுவிடும். அவன் அழுகையை நிறுத்தின பிறகுதான் அடுத்த அடி வைக்கும்.

குதிரை வளர்ப்பது அழகான காரியம் என்று நினைப்பீர்கள். அழகுதான். ஆனால் யாங்கோன் மழையில் அதன் குளம்பைப் பார்க்க வேண்டும். சேறு உள்ளே அடைத்து, ஈரத்தில் ஊறி, விட்டால் அழுகிப் போகும். நான் போட்டாதாங் துறைமுகத்தில் கிடங்கு வேலை முடிந்து வந்ததும் ஒவ்வொரு காலாகத் தூக்கி, வளைந்த கம்பியால் சேற்றைச் சுரண்டி, துணியால் துடைப்பேன். முதுகு நிமிராது. அப்போது அது திரும்பி என் சட்டைமேல் மூக்கை வைத்து ஒரு பெருமூச்சு விடும். புல் வாசனையோடு வெதுவெதுவென்று இருக்கும். அதற்குப் பிறகு எப்படிக் கோபப்படுவது?

குதிரை வந்த பிறகு முதல் மாட்டுப் பொங்கல். எங்கள் சந்தில் சில தமிழ் வீடுகள் இருக்கின்றன, எந்த வீட்டிலும் மாடு கிடையாது. ஒவ்வொரு வருடமும் வாழை இலையில் ஒரு பிடி சர்க்கரைப் பொங்கல் வைத்துக் காக்காய்க்குப் போட்டு முடித்துக்கொள்வோம். அந்த வருடம்தான் நான்கு காலில் ஒரு ஜீவன் சந்துக்குள் இருந்தது. என் மனைவி அதைக் குளிப்பாட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டாள். நான் கோயிலுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றாள்.

"என்னங்க, புல்லைப் போட்டா மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது."

போய்ப் பார்த்தேன். குதிரை முன்னங்காலால் தரையைப் பிறாண்டியது. கழுத்தை வளைத்துத் தன் வயிற்றையே பார்த்தது. கழுத்தெல்லாம் வியர்வை.

"அப்பா, அது படுக்கப் பாக்குது" என்றான் மகன்.

"படுக்க விடாத. கயித்தப் பிடி. மெதுவா நடத்து."

வயிற்று வலியில் குதிரை படுத்து உருண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று அதை எங்களுக்கு விற்றவர் சொல்லியிருந்தார். மிருக வைத்தியருக்குப் போன் செய்தேன். அவர் ஒரு பர்மியப் பெண்மணி. எங்கள் ஊரில் டீச்சரையும் பெண் டாக்டரையும் சயாமா என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம். டாக்சியில் உடனே வந்துவிட்டார். குதிரையின் விலாவில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"உள்ள சத்தமே இல்ல" என்றார். "காலைல என்ன தின்னுச்சு?"

"ஒரு பிடி பொங்கல் குடுத்தேன் சயாமா" என்றாள் மனைவி. "ஒரு பிடிதான்."

அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. எதிர் வீட்டு அக்கா தொண்டையைச் செருமினார்.

"நானும் ஒரு பிடிதான் குடுத்தேன். ரெண்டு வாழப்பழமும்."

கடைசி வீட்டுத் தையல்கார அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் ஒரு கிண்ணம். வருசத்துல ஒரு நாளுன்னு கரும்பும் குடுத்தேன்."

இப்படி ஒவ்வொரு வீடாக வெளியே வந்தது. ஒரு வீட்டுக்கு இன்னொரு வீடு கொடுத்தது தெரியாது. கடைசியில் பக்கத்துப் பர்மிய வீட்டு ஊலே வாய் திறந்தார். ஊலே என்றால் பர்மிய பாஷையில் மாமா.

"உங்க பண்டிகை. நான் மட்டும் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்? ஒட்டரிசிச் சோறு குடுத்தேன்."

"ஊலே, அது பசை மாதிரி ஒட்டுமே" என்றார் தையல்கார அண்ணன்.

"உன் பொங்கல் மட்டும் என்ன, தண்ணியா?"

"மாலையையும் அதுவே தின்னுடுச்சு" என்றாள் மகள்.

சயாமா யாரையும் திட்டவில்லை. மாட்டுக்கு நான்கு அறை உள்ள பெரிய வயிறு, அது நிதானமாக அசை போடும். குதிரைக்குச் சின்ன வயிறு, தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தி எடுக்கவும் அதற்கு முடியாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். ஒரு ஊசி போட்டார். மூக்கு வழியாக நீளமான குழாயை விட்டு எண்ணெய் மருந்தை இறக்கினார்.

"லத்தி போட்டா பொழச்சுக்கும்" என்றார்.

"போடலன்னா?" என்றேன்.

"குதிரைக்கு ஆபரேஷன் பண்ற வசதி என்கிட்ட இல்ல."

அப்புறம் நடைதான். சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, கொஞ்சம் ஓய்வு, மறுபடி நடை. நான் களைத்தால் தையல்கார அண்ணன், அவர் களைத்தால் ஊலே. மகன் மட்டும் கயிற்றை விடவே இல்லை. குதிரையின் காதருகே பர்மிய பாஷையில் ஏதோ பேசிக்கொண்டே வந்தான்.

"ஏண்டா, குதிரைக்குத் தமிழ் வராதா?" என்றார் அண்ணன்.

"எனக்குப் பயமா இருந்தா பர்மிய பேச்சுதான் வருது மாமா."

எனக்கும் பயம்தான். குதிரையின் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே நடந்தேன். அது என் சட்டைமேல் மூக்கை வைக்கவில்லை. கண் எங்கேயோ பார்த்தது.

வெயில் சாயும் நேரத்தில் முதலில் குதிரையின் பின்னாலிருந்து காற்று வந்தது, நல்ல சத்தத்தோடு. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பெரியவர்கள் அதட்டப் போனார்கள்.

"சிரிக்கட்டும். நல்ல சத்தம்தான்" என்றார் சயாமா.

கொஞ்ச நேரம் கழித்து வாலைத் தூக்கியது. கட்டியாகக் கொஞ்சம். இன்னும் நாலடி நடந்ததும் நிறைய. ஊலே லுங்கியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஏதோ தங்கத்தைப் பார்ப்பதுபோல் அந்த லத்தியைப் பார்த்தார். என் மனைவி மேற்கே இறங்கும் சூரியனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

சயாமா மறுபடி விலாவில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். பிறகு அதை மகளின் காதில் மாட்டிவிட்டு, "என்ன கேக்குது?" என்றார்.

மகள் கண்ணை மூடிக் கேட்டாள். "கூரைலேருந்து மழத்தண்ணி எறங்குற மாதிரி."

"அப்ப சரி."

வேலை அதோடு முடியவில்லை. அவ்வளவு இனிப்பு தின்றால் குளம்புக்குள்ளும் சூடு ஏறும், குதிரை நொண்டியாகிவிடும் என்று சயாமா எச்சரித்தார். குளிர்ந்த தண்ணீர் வாளியில் காலை நிறுத்தினோம். அடுத்த சில நாட்கள் சந்தில் எல்லோரும் வேலைக்குப் போகுமுன் வந்து குளம்பைத் தொட்டுப் பார்த்தார்கள். எதிர் வீட்டு அக்கா பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையால்தான் பார்ப்பார். சூடு ஏறவில்லை.

அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு மகள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"மாமா, கையக் காட்டுங்க."

"புல்லுதாம்மா" என்றார் தையல்கார அண்ணன்.

"ஊலே, நீங்க?"

ஊலே இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒன்றில் புல். மற்றதில் இலையில் பொதிந்த ஒட்டரிசிச் சோறு.

"இது உனக்கு" என்றார்.

மகள் நகர்ந்து வழிவிட்டாள்.