மெஷினாக வேலை பார்த்த அக்கா

வேறு யாரும் பார்க்காத ஒரு உத்தியோகத்தை அக்கா நான்கு வருடத்துக்கு மேல் பார்த்தாள். அவள் கம்ப்யூட்டராக இருந்தாள். கம்ப்யூட்டரில் வேலை பார்த்தாள் என்று யாராவது திருத்தினால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "கம்ப்யூட்டர்ல ஆயிரம் பேர் வேலை பாத்திருப்பாங்க. கம்ப்யூட்டராவே வேலை பாத்தது நான் ஒருத்திதான்" என்பாள். இப்போது அவளுக்கு அறுபத்தேழு வயது. வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதை கட்டாயம் உண்டு, ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் வளரும். வளர்ந்ததை வெட்டிவிட்டு நாம் சொல்லிப் பார்ப்போம்.

அதற்கு முன்பு இருபத்திரண்டு வருடம் அவள் டெலிபோன் விசாரணைப் பிரிவில் இருந்தாள். யாருடைய நம்பர் வேண்டுமோ, அங்கே கூப்பிட்டுக் கேட்கலாம். "பல் டாக்டர், ரெண்டாவது தெரு, பேர் மறந்துபோச்சு" என்று சொன்னால் போதும், அடுத்த மூச்சில் நம்பர் வந்துவிடும். அதோடு விடமாட்டாள். "மேல் பல்லா, கீழ் பல்லா? போற வரைக்கும் வெதுவெதுன்னு உப்புத்தண்ணி வச்சுக் கொப்பளிங்க" என்று சம்பளத்தில் சேராத வேலையையும் பார்ப்பாள். ஒருநாள் ஒரு மெஷின் வந்தது. நம்பரை அதுவே குரல் போட்டுச் சொல்லும் என்றார்கள். பதினொரு பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரிவு உபசாரத்தில் ஆளுக்கொரு டெலிபோன் பரிசு கொடுத்தார்கள். இதைவிடக் குசும்பான பரிசை அவள் அதற்குப் பின் பார்த்ததில்லை.

கல்யாணம் செய்துகொள்ளாதவள் என்பதால் தம்பி வீட்டில்தான் இருந்தாள். எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: ஓய்வெடு. இரண்டு மாதம் எடுத்தாள். அந்த இரண்டு மாதத்தில் தம்பி மனைவியின் சமையலறையை மூன்று முறை மாற்றி அடுக்கினாள். உப்பு எங்கே இருக்கிறது என்பது அந்த வீட்டில் அவளுக்கு மட்டும் தெரிந்த ரகசியமானது. மத்தியான வேளைகளில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். காலையில் எழுந்து போவதற்கு ஓர் இடமும், உட்கார ஒரு நாற்காலியும், பதில் கேட்க யாராவது ஓர் ஆளும் இல்லாமல் அவளுக்கு மூச்சு முட்டியது. கடைசியில் தம்பி மனைவிதான் வாயைத் திறந்தாள். "அண்ணிக்கு ஏதாவது வேலை பாத்துக் குடுங்க. இல்லன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுறேன்."

தம்பி ஒரு தொழிலதிபர். அதாவது எந்தத் தொழிலிலும் இரண்டு வருடத்துக்குமேல் இருந்ததில்லை. கேசட் வாடகைக்கு விட்டான், பேஜர் விற்றான், இரண்டும் கவிழ்ந்தன. அப்போதுதான் இன்டர்நெட் கீச்கீச்சென்று கத்திக்கொண்டு வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. இவனும் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்து, ஒரு வலைத்தளம் தொடங்கினான். யாரும் எந்தக் கேள்வியும் கேட்கலாம். எல்லாம் தெரிந்த எந்திரம் ஒன்று பதில் சொல்லும். பக்கவாட்டில் கடைக்காரர்கள் விளம்பரம் கொடுப்பார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது, எந்திரம்தான் இல்லை.

புரோகிராம் எழுதித் தருவதாக ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். எப்போது கேட்டாலும் நாளைக்கு என்பார், அதனால் வீட்டில் அவர் பெயரே 'நாளைக்கு சார்'. திறப்பு விழாவன்று காலையில் ஒருவழியாகக் கொண்டுவந்து சேர்த்தார். அது எந்தக் கேள்விக்கும் ஒரே பதிலைச் சொன்னது: 'உங்கள் கேள்வி மிக நல்ல கேள்வி.' பதினோரு மணிக்குள் முப்பது பேருக்கு அப்படிச் சொல்லிவிட்டது. மறுமுனையில் ஒருவர் கெட்ட வார்த்தையில் கேட்டார், அதையும் மிக நல்ல கேள்வி என்றது. தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

கடையைப் பார்க்க வந்திருந்த அக்கா எட்டித் திரையைப் பார்த்தாள். சட்டையில் பட்ட மசிக்கறை எப்படிப் போகும் என்று யாரோ கேட்டிருந்தார்கள்.

"இது கூடவா தெரியாது? தள்ளுடா" என்று உட்கார்ந்தாள். "ரெண்டு நாளைக்குத்தான்க்கா" என்றான் தம்பி. அந்த இரண்டு நாள்தான் நான்கு வருடத்தைத் தாண்டியது.

முன்னறையில் தம்பியின் மேசை. அதன் பின்சுவரை ஒட்டி ஒரு பழைய இரும்பு பீரோ. அதற்குள் மினுக்கு விளக்குகளைத் தொங்கவிட்டு, கதவில் கண்ணாடி பதித்து, அதுதான் எந்திரம் என்று வருகிறவர்களிடம் காட்டுவான். பீரோவுக்குப் பக்கத்துக் கதவைத் திறந்தால் சாமான் அறை. ஜன்னல் கிடையாது. காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஒரு முக்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன், இரண்டு அகராதி, ரயில் நேர அட்டவணை, பழைய புத்தகக் கடையில் வாங்கிய கலைக்களஞ்சியம். அதில் ஐந்தாம் தொகுதி மட்டும் இல்லை. ஐந்தாம் தொகுதியில் வரவேண்டிய விஷயங்களுக்கு எந்திரம் எப்போதும் கொஞ்சம் தாமதமாகவே பதில் சொல்லும், ஏனென்றால் அக்கா நூலகத்துக்கு போன் போட்டுக் கேட்கவேண்டும். அக்கா உள்ளே பெட்டி கட்டுகிறாள் என்றுதான் அக்கம்பக்கத்தில் நினைத்திருந்தார்கள்.

சுவரில் தம்பி விதிமுறை எழுதி ஒட்டியிருந்தான். எதிர்க்கேள்வி கேட்காதே. அறிவுரை சொல்லாதே. உடனே பதில் போடாதே, யோசிக்கிற மாதிரி இருக்கட்டும். பத்து நிமிடத்துக்குமேல் எழுந்து போகாதே. அந்தப் பத்து நிமிடத்துக்குத் திரையில் 'எந்திரம் குளிர்விக்கப்படுகிறது' என்ற அறிவிப்பு ஓடும். அதற்குள் அவள் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு ஓடி வரவேண்டும்.

கடைசி விதியை மட்டும்தான் அவள் மதித்தாள். நிலா எவ்வளவு தூரம் என்று ஒருவர் கேட்டார். கிலோமீட்டரில் சொல்லிவிட்டு, 'இந்த நேரத்தில் உங்களுக்கு ஆபீஸில் வேலை இல்லையா?' என்று சேர்த்தாள். காதலிக்குக் கடிதம் எப்படித் தொடங்குவது என்று கேட்டவருக்கு, 'முதலில் அவளுக்கு உங்களைத் தெரியுமா?' என்று போட்டாள். 'உங்கள் கம்ப்யூட்டர் என்னைத் திட்டியது' என்று ஒரு புகார் வந்தது. பழுது சரிசெய்யப்பட்டுவிட்டது என்று தம்பி மன்னிப்புக் கேட்டான், உள்ளே வந்து அக்காவிடம் கத்திவிட்டும் போனான். மூன்றாம் நாள் அதே ஆள் மறுபடி எழுதினார்: 'அந்தப் பழுதைத் திரும்பப் போட முடியுமா?'

அப்புறம் கூட்டம் அள்ளியது. ஒரு நாளைக்கு எண்பது, தொண்ணூறு கேள்வி. முதுகு விண்விண்ணென்று தெறிக்கும். ஆனாலும் அக்கா அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தாள். இதை நாம் சொல்லவில்லை, தம்பி மனைவி சொல்கிறாள். உப்பு டப்பா இருந்த இடத்திலேயே இருந்ததாம்.

நான்காம் வருடக் கடைசியில் ஒரு பெரிய கம்பெனி எந்திரத்தை விலைக்குக் கேட்டது; முதலில் சோதித்துப் பார்க்க ஆள் அனுப்புவதாகவும் சொன்னது. தம்பி தரையில் நடக்கவில்லை.

"எந்திரத்த வாங்கி அவங்க ஆபீஸுக்குக் கொண்டுபோயிடுவாங்களாம்க்கா" என்றான்.

"பீரோவையா?"

"பீரோவத்தான். போற வழியில கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கலாம்."

"அப்ப நான்? என்னையும் அட்டப்பெட்டியில வச்சுக் கட்டி அனுப்புவியா?"

"நீ எதுக்குக்கா இனிமே கஷ்டப்படணும்? வீட்ல நிம்மதியா ஓய்வெடு."

மறுபடியும் அதே வார்த்தை. ஜன்னல் கம்பி கண்முன் வந்து நின்றது. ஒரு மெஷின் வந்து அவளை வீட்டுக்கு அனுப்பியது போதாதென்று, இப்போது தானே மெஷினாக இருந்தும் வீட்டுக்குப் போகவேண்டும். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? இரவெல்லாம் புரண்டு படுத்து ஒரு முடிவுக்கு வந்தாள். சோதிக்க வருகிறார்கள் அல்லவா, வரட்டும். எல்லாவற்றுக்கும் கன்னாபின்னாவென்று பதில் சொல்லி வியாபாரத்தைக் கவிழ்த்துவிட வேண்டியதுதான்.

மூன்று பேர் வந்தார்கள். இரண்டு மேனேஜர்கள், ஒரு இன்ஜினியர் பெண். முன்னறையில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த கம்ப்யூட்டரிலிருந்து காலை ஒன்பதரைக்குக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். சோதனை முடியும்வரை குளிர்விக்கிற பேச்சே கூடாது என்று தம்பி சொல்லியிருந்தான்.

முதல் கேள்வி: தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? ஐம்பது என்று அடித்துவிடத்தான் அக்கா விரலைத் தூக்கினாள். விரல் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தப்பான நம்பர் சொன்னதில்லை, அந்த விரலுக்குப் பொய் பழக்கமில்லை. நூறு என்று அடித்தது. சரி, அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்ததும் சரியாகப் போனது. பத்தாவது, இருபதாவது, முப்பதாவது என்று எல்லாம் சரியாகப் போய்க்கொண்டே இருந்தன. தன் நாற்காலிக்குத் தானே உலை வைக்கிறோம் என்று தெரிந்தும் அவளால் நிறுத்த முடியவில்லை. தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மணி ஒன்றரை ஆனது. முன்னறையில் மேனேஜர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வந்து, அவர்கள் பிரித்துச் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள். இன்ஜினியர் பெண் மட்டும் எழுந்து பீரோவிடம் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். நான்கு மணி நேரமாக மூச்சுவிடாமல் வேலை செய்கிற எந்திரம் சூடாக இருக்கவேண்டும். இது சில்லென்று இருந்தது. அவள் திரும்பி வந்து உட்கார்ந்து, நாற்பத்தேழாவது கேள்வியை அடித்தாள்.

பின்னறைத் திரையில் அது வந்து நின்றது. 'பசிக்கிறதா?'

அக்கா காலையில் வெறும் டீ குடித்ததுதான்.

'ஆமாம்' என்று அடித்தாள்.

தெரிந்து அடித்தாளா, தெரியாமல் அடித்தாளா என்று இன்றுவரை யாராலும் அவளிடமிருந்து கறக்க முடியவில்லை. ஒரு நாள் கை தவறிவிட்டது என்பாள். இன்னொரு நாள், கேட்டதற்குச் சரியான பதிலைச் சொன்னேன், அதில் என்ன தப்பு என்பாள்.

பக்கத்துக் கதவு திறந்தது. இன்ஜினியர் பெண் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். முக்காலியைப் பார்த்தாள், விதிமுறையை ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு கைப்பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

"எத்தனை வருஷமாம்மா?"

"நாலு" என்றாள் அக்கா, வாயில் பிஸ்கட்டோடு. "போலீஸ்ல சொல்வீங்களா?"

"எங்க ஆபீஸ்ல மெஷின் செய்யுதுன்னு சொல்ற பாதி வேலைய நாங்க நாலு பொண்ணுங்கதான் உக்காந்து செய்யறோம். நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்று அவள் சிரித்தாள். "உங்களுக்கு இந்த வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும்" என்றாள் அக்கா.

அந்தப் பெண் முன்னறைக்குப் போய் மேனேஜர்களிடம் சொன்னது சுவர் வழியாக அக்காவுக்குக் கேட்டது. "பதில் எல்லாம் சரி சார். ஆனா இந்த மெஷின் எடம் மாத்தினா ஓடாது. இங்கயே வச்சு ஓட்டணும். பராமரிப்பு நிபந்தனைய நானே எழுதித் தரேன்." மேனேஜர்கள் வாய் நிறையச் சாப்பாட்டோடு தலையாட்டினார்கள்.

ஒரு வாரத்தில் ஒப்பந்தம் வந்தது. மாலையில் கடையைச் சாத்திவிட்டு, அக்காவை முன்னறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, தம்பி அதைச் சத்தமாகப் படித்தான். குரலில் அப்படியொரு மிடுக்கு.

"எந்திரம் இப்போதுள்ள அறையிலேயே இருக்கவேண்டும். தினமும் மதியம் ஒன்று முதல் இரண்டு வரை அதை இயக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழு விடுமுறை. அறைக்கு ஜன்னல் வைக்கவேண்டும். எந்திரத்துக்கு முதுகு சாய்த்து உட்கார..."

நிறுத்தினான். "மெஷினுக்கு எதுக்கு முதுகு?" என்று கேட்டுவிட்டு, காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மிடுக்கெல்லாம் வடிந்துவிட்டது. மெல்லத் திரும்பிச் சாமான் அறைக்குள் பார்த்தான். அந்த முக்காலியை வாங்கிப் போட்டவன் அவன்தான்.

"அக்கா... இதெல்லாம் நீ என்கிட்டயே கேட்டிருக்கலாமே."

"நான் எதுக்குடா கேக்கணும்? தெனம் தொண்ணூறு பேர் என்கிட்ட கேட்டாங்க. நிலா எவ்வளவு தூரம்னு கேட்டாங்க, கறை எப்படிப் போகும்னு கேட்டாங்க, எவன் எவனுக்கோ காதல் கடுதாசிக்கு வழி சொன்னேன். முன்ன பின்ன தெரியாத ஒரு பொண்ணு வந்து பசிக்குதான்னு கேக்குறா. நீ பக்கத்து ரூம்ல இருந்த. நாலு வருஷத்துல ஒரு கேள்வி கேட்டிருப்பியா?"

தம்பி காகிதத்தை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். பிறகு, "இப்ப கேக்கட்டுமா?" என்றான்.

"கேளு."

"உனக்கு என்னக்கா வேணும்?"

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பழக்கத்தில் திரும்பிச் சாமான் அறையிலிருந்த அகராதிகளைப் பார்த்தாள்.

"கொஞ்சம் இருடா" என்றாள். "பாத்துச் சொல்றேன்."