கொதிக்கக் கூடாத தண்ணீர்

என் வீட்டுக்காரியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வயிறு எரியும். எரிந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அத்தனையும் உண்மை, அதுதான் கொடுமை.

எங்கள் தொழில் நகம். சேவல், வான்கோழி, எப்போதாவது பண்ணையிலிருந்து வரும் ஈமு. கறிக்கடைகளில் வெட்டிக் கழிக்கும் கால்களைச் சாக்கில் அள்ளி வந்து, நகத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து, மாலை கோக்கிற பாசிமணிக் கடைக்குக் கொடுக்கிறோம். இதில் எனக்கு இருபத்திரண்டு வருடம், அவளுக்கு ஒன்பது. கல்யாணத்துக்கு முன்னால் தையற்கடையில் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள். முதல்நாள் இந்த வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அப்படியே பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம்.

இதை எப்படிச் செய்வது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் சொல்லிக்கொடுத்துத்தான் வந்தது என்று நாலு பேரிடம் பீற்றிக்கொண்டிருப்பேன். அவள் கேட்கவே இல்லை. துணி மடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். ஆறு மாதத்தில் தனியாக ஒரு பாத்திரம் வாங்கி வைத்துவிட்டாள்.

நகம் என்று நாம் பார்ப்பது மேலே இருக்கும் உறை. உள்ளே அதே வடிவத்தில் சின்ன எலும்பு ஒன்று உண்டு. கால்களை வெந்நீரில் போட்டு, அந்தச் சூட்டிலேயே இரண்டு மணி நேரம் வைத்திருந்தால் உறை இளகும். திருகி இழுத்தால் தொப்பி மாதிரி கழன்று வரும். தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் இருக்க வேண்டும், ஆனால் ஒரு குமிழிகூட வரக் கூடாது. கொதித்துவிட்டால் உறை பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். இரண்டு நாள் நிழலில் காய்ந்த பிறகு பக்கவாட்டில் மயிரிழையாக வெடிக்கும். வெடித்த நகம் குப்பைக்குத்தான். கழற்றிய உறையையும் அதன் எலும்பையும் முட்டை அட்டையில் ஒரே குழியில் போட்டு வைப்போம். ஒன்றின் எலும்பு இன்னொன்றுக்குப் பொருந்தாது. பிறகு பழைய பல்துலக்கியால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் ஊற வைத்துக் கொழுப்பெடுத்து, காய வைத்து, பசை தடவி எலும்பை மறுபடி உள்ளே செருகி, எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும்.

நான் உறையைக் குறட்டால் திருகுவேன். அவள் ஈரத்துணியைச் சுற்றி இரண்டு விரலால் திருகுவாள், பாட்டில் மூடி திறப்பதுபோல. குறடு பட்ட கீறல் அவள் நகத்தில் இருக்காது. அதையாவது பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் காய்ந்த நகங்களை இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"இடது, வலதுன்னு பிரிக்கிறேங்க. மண்ணைக் கிளறிக் கிளறி ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் தேஞ்சிருக்கு பாருங்க. இதை இந்தப் பக்கமும் அதை அந்தப் பக்கமும் கோத்தா மாலை நெஞ்சுல அழகாப் படியும்."

எடுத்துப் பார்த்தேன். தேய்ந்துதான் இருந்தது. இத்தனை வருடமாக என் கைக்குள் புரண்ட நகம், எனக்குக் காட்டாததை அவளுக்குக் காட்டியிருக்கிறது. அன்று சாப்பாடு இறங்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு பாசிமணிக் கடையில் அவள் வேலை கண்ணாடிப் பெட்டிக்குள் போயிற்று, என் வேலை கூடையில் குவிந்தது. கடைக்காரம்மா என்னிடமே, "உங்க வீட்டம்மா கையால செஞ்சதாப் பாத்துக் குடுங்க," என்பார். சிரித்தபடி தலையாட்டுவேன். வீடு வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பேன்.

அப்படி இருக்கையில்தான் நாட்டியக் குழு ஒன்றுக்கு அறுபது நகமாலை கேட்டுக் கடைக்கு வந்தார்கள். அறுபதுக்கும் நகம் ஒரே ஆள் கையால் செய்ததாக இருக்க வேண்டுமாம். "ஆளுக்குப் பன்னிரண்டு நகம் மாதிரிக்குச் செஞ்சு வைங்க, வெள்ளிக்கிழமை வந்து பாக்குறேன்," என்றார் கடைக்காரம்மா. அந்த வேலை யாருக்குப் போகிறதோ, அவர்தான் அந்தக் கடைக்கு நகக்காரர். மற்றவர் எடுபிடி. எனக்கு நன்றாகவே தெரியும், யார் எடுபிடி என்று.

செவ்வாய்க்கிழமை காலை அவள் பாத்திரம் அடுப்பில் இருந்தது. துவைத்த துணியைக் காயப்போட மாடிக்குப் போனாள். நான் எழுந்துபோய் அடுப்பைக் கூட்டி வைத்தேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். பத்து நிமிடம் இருக்கும். படியில் காலடிச் சத்தம் கேட்டதும் குறைத்துவிட்டு, கொஞ்சம் பச்சைத்தண்ணீரும் ஊற்றி, என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். அவள் பாத்திரத்துக்குள் விரல் விட்டுப் பார்த்து, திருப்தியாகத் தலையசைத்தாள்.

வியாழக்கிழமை அவள் அட்டையில் பன்னிரண்டில் ஒன்பது வெடித்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. "என் கைக்கு என்னமோ ஆயிடுச்சுங்க," என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரொம்ப நாள் கழித்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை கடைக்காரம்மா வந்தார். என் பன்னிரண்டையும் உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். உயிரைக் கொடுத்துச் செய்திருந்தேன், குறடு தொடாமல், இடது வலது பிரித்து.

"வீட்டம்மா கையே தனி," என்றார்.

என் முகத்தில் ஈயாடவில்லை. அவள்தான் சமையலறைக் கதவோரம் நின்று சொன்னாள்: "அது அவரு செஞ்சதுங்க. என்னோடது இது." வெடித்த நகங்களை ஒரு தட்டில் வைத்து நீட்டினாள்.

கடைக்காரம்மா ஒன்றை எடுத்துத் திருப்பினார். எத்தனையோ வருடம் நகம் வாங்குகிறவர். "இது கொதிச்ச வெடிப்பாச்சே. நீங்க கொதிக்க விடுற ஆளே இல்லையே. யாராவது அடுப்பைத் தொட்டாங்களா?"

"வீட்டுல வேற யாருங்க இருக்கா, நானும் அவரும்தான..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். என் பக்கம் திரும்பினாள். நான் தரையைப் பார்த்தேன். அப்படிப் பார்த்திருக்கக் கூடாது.

அவள் குரல் கேட்டது, சாதாரணமாக. "அடுப்புலதான் கோளாறுங்க. திருகு தானாத் திரும்பிக்குது. ஆர்டரை அவர் பேருலயே எழுதிக்கோங்க, நல்லாத்தான செஞ்சிருக்காரு."

அறுபது மாலைக்கும் நகம் நான்தான் செய்தேன். கடையில் இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் என் வேலையும் இருக்கிறது. அவள் இன்றுவரை ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சோறு போடுகிறாள், பேசுகிறாள், என் கேலிக்குச் சிரிக்கவும் செய்கிறாள். ஆனால் தன் பாத்திரத்தைப் பின்னறைக்குக் கொண்டுபோய்விட்டாள், புதிதாக ஓர் அடுப்பும் வாங்கி.

அங்கே என்ன செய்கிறாள், புதிதாக என்ன கண்டுபிடித்திருக்கிறாள் என்று தெரியாமல் எனக்குத் தலை வெடிக்கிறது. நேற்று அவள் பாத்திரத்தோடு உள்ளே போகும்போது பின்னாலேயே போனேன்.

"நானும் வந்து உக்காரட்டுமா? சும்மா பாக்கத்தான்."

"துணி காயப் போடணும், நீங்க மாடிக்குப் போங்க," என்று வாளியை என் கையில் கொடுத்தாள். நான் முதல் படியில் கால் வைக்கும்போது உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.