அப்பா பிடித்த கடைசிப் பந்து

என் அப்பாவின் கைகளைப் பற்றி எங்கள் ஊர் ரோஸ் பெல் பக்கத்துப் பழைய ஆட்கள் யாராவது மிச்சமிருந்தால் கேட்டுப் பாருங்கள். சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கைகள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவை கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கும். அவரைத் தாண்டி ஒரு பந்து உள்ளே போய்விட்டால் வாரம் முழுக்க எங்கள் குடியிருப்பில் அதுதான் பேச்சு. எனக்கு அப்போது ஏழு வயது. அப்பாவைவிடப் பெரிய ஆள் இந்தத் தீவில் கவர்னர் ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன். அதிலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

அந்த மைதானமே அப்பா உண்டாக்கியதுதான். எங்கள் ஊரில் மண்ணைத் தோண்டினால் கருங்கல்தான் வரும். நல்ல நிலமெல்லாம் கரும்புக்குப் போக, எதற்கும் ஆகாத ஒரு துண்டு கல்லுக்காட்டை எஸ்டேட்காரர்கள் விட்டுக்கொடுத்தார்கள். இரண்டு வருடத்து ஞாயிறுகளை அப்பா அதில் கொட்டினார். தமிழர், ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல்காரர், முஸ்லிம் என்று பார்க்காமல் வீடு வீடாகப் போய் ஆள் கூப்பிட்டார். வராதவன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார், அவன் கிளம்பும்வரை எழுந்திருக்க மாட்டார். எடுத்த கல்லையெல்லாம் ஓரத்தில் குவித்து அதையே பார்வையாளர் உட்காரும் இடம் ஆக்கினார். உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கம் இரண்டு நாளைக்கு வலிக்கும், அது வேறு விஷயம்.

ஆட்டம் முடிந்ததும் நேரே வீட்டுக்கு வர மாட்டார். தம்பியைத் தோளில் ஏற்றி, என் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்குப் போவார். கல்லுக்கடியில் கைவிட்டு இறால் பிடிப்பார். ஆழமான இடத்தில் என்னை நீந்தவிடுவார். அம்மாவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். அதனால் கரையேறியதும் தன் சட்டையால் என் தலையைத் துவட்டிக்கொண்டே, "அம்மாகிட்ட சொல்லாத, என்ன?" என்பார். ஈரத்தலையைப் பார்த்த உடனே அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிடும். திட்டு முழுக்க அப்பாவுக்கு. நான் மட்டும் வாயே திறக்காமல் நிற்பேன். அப்பாவைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்கு அவ்வளவு பெருமை.

அது போர்க்காலம். கப்பல் வராமல் அரிசி போய், மக்காச்சோள மாவும் மரவள்ளியும் தின்றுகொண்டிருந்தோம். அந்த மழைக்காலத்தில்தான் தம்பிக்குக் குளிர்காய்ச்சல் பிடித்தது. நான்கு வயதுப் பிள்ளை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். அம்மா இரண்டு கோணியை மேலே போட்டு, அதன்மேல் தானும் படுத்துக்கொள்வாள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கொடுத்த கசப்பு மருந்தும் கேட்கவில்லை. பிள்ளையின் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிவிட்டது.

அப்பாவுக்குப் பக்தி அப்படியொன்றும் கிடையாது. கோயிலுக்கு வந்தாலும் வாசலில் நின்று யார் யார் அடுத்த ஆட்டத்துக்கு வருவார்கள் என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவர் தைப்பூசத்துக்குக் கொடி ஏறிய அன்று போய்க் காப்புக் கட்டிக்கொண்டு வந்தார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. பத்து நாள் விரதம் இருந்து மகனுக்காகக் காவடி எடுக்கப்போகிறார். அம்மா அன்று பல நாளைக்குப் பிறகு அழாமல் சமைத்தாள். மீன் சட்டி பரணில் ஏறியது. அப்பா தனிப் பாயில் படுத்தார். தன் காலில் போடும் சப்பாத்தையும் இடுப்புப் பெல்ட்டையும் கழற்றி வெளியே ஆணியில் மாட்டினார்.

"தோலைத் தொடக்கூடாது, ஞாபகம் இருக்கட்டும். பிள்ளை உசிரு இதுலதான் இருக்கு" என்று அம்மா சொன்னாள்.

நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தோல் என்றால் சப்பாத்து, பெல்ட். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வினை எப்படி வந்தது பாருங்கள். பக்கத்து எஸ்டேட்டோடு நடக்கவேண்டிய ஆட்டம் புத்தாண்டுக்கு அடுத்த ஞாயிறு வைத்திருந்தது. புயல் மழை வந்து மைதானம் குளமாகிவிட்டது. தள்ளித் தள்ளிப் போய், அப்பா காப்புக் கட்டிய நான்காம் நாளில் வந்து விழுந்தது. எங்கள் பக்கத்து வீட்டுக் கிரியோல்காரர்தான் அணித் தலைவர். நாங்கள் அவரைத் தொந்தோன் என்போம், எங்கள் ஊரில் மாமாவுக்கு அதுதான் பேச்சு. அவர் வந்து வாசலில் நின்றார். அப்பா மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். தொந்தோன் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் போனார். அவர் மரியாதை தெரிந்த மனிதர்.

ஆனாலும் அப்பாவால் வீட்டில் இருக்க முடியவில்லை. விடியற்காலையிலேயே போய்ச் சாம்பலால் கோடு போட்டார். ஆட்டம் தொடங்கியதும் கோலுக்குப் பின்னால் கரும்பு ஓரமாக, மஞ்சள் வேட்டியோடு, வெறுங்காலோடு, கையைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றார். கோலில் அவருக்குப் பதில் தொந்தோனின் அக்கா மகன். பாவம், பந்தைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் ஜாதி. பாதி ஆட்டத்துக்குள் இரண்டு கோல் வாங்கிவிட்டான். நாங்கள் ஒன்றுதான் போட்டிருந்தோம்.

எதிர் எஸ்டேட் பையன்கள் கல்லுக்குவியல் மேல் ஏறி நின்று அப்பாவைக் காட்டிக் கிண்டல் செய்தார்கள். "அதோ பார், பெரிய கீப்பர்! பயத்துல சாமியாராப் போயிட்டார்!" என்று ஒருவன் கத்தினான். அவனும் தமிழ்ப் பையன்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் பார்க்காததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அப்போது யாரோ ஓங்கி உதைத்த பந்து கோலுக்கு மேலே பறந்து கரும்புக்குள் விழுந்தது. அது யார் காலில் பட்டுப் போனது என்று மைதானத்தில் சண்டை ஆரம்பித்தது. நான் கரும்புக்குள் புகுந்தேன். காய்ந்த சோகை இலை கையைக் கிழித்தது. பந்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் பத்தடி தூரத்தில் அப்பா.

எனக்கு ஒரு எண்ணம் தோன்றியது. ஏழு வயது மூளைக்கு அது மகா புத்திசாலித்தனம். பந்து ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் அப்பாவால் சும்மா நிற்க முடியாது, நேரே கோலுக்குப் போய்விடுவார்.

"அப்பா!" என்று கூப்பிட்டு, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி வீசினேன்.

யோசித்திருந்தால் விலகியிருப்பார். கைகள் யோசிக்கவில்லை. கட்டியிருந்தவை தானாக அவிழ்ந்து, தானாக முன்னே போய், பந்தைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டன. எத்தனை வருடப் பழக்கம்!

மைதானம் திரும்பிப் பார்த்தபோது பந்து அப்பா கையில் இருந்தது. நான் பயந்து மறுபடி கரும்பு மறைவுக்குப் போயிருந்தேன், வீசியது நான் என்று யாரும் பார்க்கவில்லை. கிரியோல் பையன்கள், அப்பா ஆட வருகிறார் என்று நினைத்து, "ஆலே! ஆலே!" என்று குதித்தார்கள். எங்கள் ஆட்கள் ஒருவரும் குதிக்கவில்லை. ஒரு கிழவி, "ஐயோ, மாட்டுத்தோலு!" என்று வாயில் அடித்துக்கொண்டாள். பந்து பந்துதான் என்று இருந்த எனக்கு, அது மாடு என்பது அப்போதுதான் தெரிந்தது.

அப்பா பந்தை மெதுவாகப் புல்லில் வைத்தார். தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவது போல வைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல் ஆற்றுப்பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். வேட்டியோடு தண்ணீரில் இறங்கினார். முங்கினார், எழுந்தார், மறுபடி முங்கினார். கரையில் உட்கார்ந்து காப்பைப் பல்லால் கடித்து அவிழ்த்து ஆற்றில் விட்டார். முகமெல்லாம் தண்ணீர். ஆற்றுத் தண்ணீர் என்றுதான் நினைத்தேன்.

நெடுநேரம் கழித்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, கரும்புச் சோகை கிழித்த கையைக் கழுவிவிட்டார்.

"அம்மாகிட்ட சொல்லாத, என்ன?" என்றார்.

வழக்கமான பேச்சு, வழக்கமான இடம். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்குப் போனபோது செய்தி முந்திக்கொண்டு போயிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவின் வெறும் மணிக்கட்டைத்தான் பார்த்தாள்.

"தொட்டீங்களா?"

"தொட்டேன்."

"எதுக்கு?"

"கை தானா போயிடுச்சு."

அம்மா கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் ஆற்றங்கரை ரகசியத்தை வழக்கம்போலக் காப்பாற்றிக்கொண்டு, கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து நின்றேன்.

பூசாரி பரிகாரம் சொன்னார், செய்தார்கள். அந்தத் தைப்பூசத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து காவடி போகவில்லை. மழை ஓய்ந்து இரண்டு மாதத்தில் தம்பி போய்விட்டான். தொந்தோன்தான் அவனுக்குப் பெட்டி செய்தார்.

அதற்குப் பிறகு அம்மா அப்பாவோடு சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்தாள். சண்டை எதில் தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்: "பெத்த பிள்ளையைவிட உங்களுக்குப் பந்து பெருசு." அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். மைதானத்தை அவர் விடவில்லை. புல் வெட்டினார், கோடு போட்டார், ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார், சுதந்திரக் கொடி ஏறிய வருடம்கூட ஆட்டம் நடத்தினார். பந்தை மட்டும் தொடவில்லை. உருண்டு வந்தால் காலால்கூடத் தடுக்க மாட்டார், விலகி வழி விடுவார்.

நான் படித்து ஆசிரியை ஆனேன். குளிர்காய்ச்சல் என்பது கொசு கொண்டுவரும் மலேரியா, கொசுவுக்குத் தோலும் தெரியாது, காப்பும் தெரியாது என்று பிள்ளைகளுக்குப் பாடம்கூட நடத்தினேன். அதனால் அந்தப் பந்தைப் பற்றி எனக்குக் குற்ற உணர்ச்சி ஏதும் இல்லை என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்பா இறந்து, அம்மாவும் இறந்த பிறகு ஒரு நாள் என் சின்ன மகள் என் மாமியாரின் சீதனக் கண்ணாடி விளக்கைத் தள்ளி உடைத்துவிட்டாள். "யார் உடைச்சது?" என்று சத்தம் வந்ததும், யோசிக்காமல், "நான்தான் அத்தை, கை தவறிடுச்சு" என்றேன். சொல்லி முடித்ததும் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். "கை தானா போயிடுச்சு" என்று அப்பா சொன்னது யாரை மறைக்க என்று அப்போதுதான் விளங்கியது.

அப்பாவைத் திட்டிலிருந்து காப்பாற்றுகிறேன் என்றுதான் அன்று ஆற்றங்கரையில் தலையாட்டினேன். அம்மா சாகும்வரை ஒரு வார்த்தை சொல்லாமல், அவ்வளவு சமர்த்தாக, அவரைக் காப்பாற்றிக்கொண்டே இருந்துவிட்டேன்.