ஒரே ஒயர்ல கோத்த ஆபீஸ்

அந்தக் கம்ப்யூட்டர்காரரு வேலை போகப் பாத்த கதைய முழுசா கேளுங்கக்கா. நான் கிள்ளான்ல ஒரு கப்பல் ஆபீஸ்ல கூட்டித் தொடச்சிக்கிட்டிருந்த காலம். அங்க எல்லா கம்ப்யூட்டரையும் பூ கோக்குற மாதிரி ஒரே ஒயர்ல கோத்திருந்தாங்க. ஒரு எடத்துல லூசானா மொத்த ஆபீஸும் நின்னுரும். அத பாத்துக்கிறதுக்குன்னே பண்டமாரான்லேர்ந்து அவரு வருவாரு.

தெனம் மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் கம்ப்யூட்டரெல்லாம் நின்னுரும். அவரு ஒவ்வொரு மேசைக்கு அடியிலயும் ஊர்ந்து தேடுவாரு. "இந்த வாரத்துக்குள்ள சரி பண்ணலன்னா வேற ஆளு பாக்குறேன்"னுட்டாரு பாஸு.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா கூட்டுறவளுக்கு எல்லார் காலும் தெரியும்லா. பாஸ்தான் சாப்பிட்டு வந்து கால் சப்பாத்தக் கழட்டிட்டு, கால ஒயர் மேல போட்டு ஆட்டுவாரு. கால எடுத்தா தானா சரியாயிரும். அதான் யாரும் கண்டுபிடிக்கல.

"தம்பி, பாஸ் உக்காந்திருக்கும்போது அவரு மேசைக்கு அடியில பாத்தீங்களா?"ன்னேன். வெவரத்தச் சொன்னதும் அவரு மொகம் வெளுத்துப் போச்சு.

"உங்க காலுதான் பாஸ்னு நான் போயி சொல்லவாக்கா? இன்னிக்கே அனுப்பிருவாரு."

மறுநாளு வீட்டுலேர்ந்து உக்கார்ற மணக்கட்டையக் கொண்டு போயி பாஸ் காலுக்குக் கீழ வெச்சேன். "இதுல வெச்சுக்குங்க பாஸ், முட்டி வலிக்காது"ன்னேன். அதோட கம்ப்யூட்டரு நிக்கிறது நின்னு போச்சு.

"பாத்தியா, நான் ஏசுனதும் சரி பண்ணிட்டான்"னு பாஸு எல்லார்கிட்டயும் சொன்னாரு. கம்ப்யூட்டர்காரரும் "ஆமா பாஸ்"னு நின்னாரு. நான் தொடைக்கிற மொப்பத் தூக்கிக்கிட்டு பாத்ரூம்ல போயி சிரிச்சேன்.

இருங்கக்கா, தூறுது, துணிய எடுத்துட்டு வரேன்.